விடுமா என்று கேட்ட அக்கா

பூட்டு வாங்கப் போகிறவர்கள் அது நன்றாகப் பூட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்த அக்கா, அது சட்டென்று திறக்கிறதா என்று பார்ப்பாள். நீலகிரி மலையில், எமரால்டு கடைவீதியில் அவளோடு ஒரு மத்தியானம் முழுக்க நான் நின்றிருக்கிறேன். கடைக்காரர் எடுத்துப்போட்ட பூட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிலிருந்து சொட்டிய மழைத் தண்ணீரில் காட்டி நனைத்தாள். பூட்டினாள், திறந்தாள், மறுபடியும் பூட்டினாள். ஆறு பூட்டுகள் ஒதுங்கிவிட்டன.

"ஏனுங்கக்கா, திருடன் சுலுவா தொறக்கட்டும்னா பூட்டு வாங்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"நான் வெளியில பூட்டிக்கிட்டு வேலைக்குப் போறேங்க. உள்ள ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கும். அடுப்பு நெருப்பு கிருப்பு பட்டா ஓடியாந்து தொறக்கணும்ல. அந்த நேரத்துல இது விடுமா?"

கடைக்காரர் ஏழாவது பூட்டை எடுத்துக் கொடுத்தார்.

விடுமா என்பதுதான் அவள் எப்போதும் கேட்கிற கேள்வி. பேருந்தில் ஏறியதும் பின்பக்கக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். மகள்களின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினால்கூட, ஓர் இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகத்தான் போடுவாள். பள்ளிக்கூடம் திறந்த நாளன்று சின்ன மகள் அவள் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள். நான் கூடவே வந்தேன். எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட இருந்தது. இவளுக்கு மனசு கல்லோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குன்னூரில் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பா, தேவாலயத்தில் பழக்கமான ஒருவர் மூலம் எனக்கு அந்த டைப்பிஸ்ட் வேலையை வாங்கித் தந்திருந்தார். அவலாஞ்சிப் பக்கம் அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் ஏரிக்கரையில் ஒரு சின்ன மீன்பிடிச் சங்கம். ஓய்வுபெற்ற எஸ்டேட்காரர்களும் டாக்டர்களும் வக்கீல்களுமாக முப்பது உறுப்பினர்கள் இருந்தால் அதிகம். தகரக் கூரை போட்ட ஒரே அறைதான் அலுவலகம். பக்கத்தில் படகுக் கொட்டகை. கொட்டகையின் பின்பக்கச் சாய்ப்பில் அக்காவும் அவள் இரண்டு மகள்களும் குடியிருந்தார்கள்.

இலங்கையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கூட்டம் கூட்டமாக மலையேறி வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, எந்தத் தோட்டத்தில் வேலை என்று தெரியாமல் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அக்காவும் அப்படி வந்தவள்தான். புருஷன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்தில் பேர் பதிய நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும் என்று சங்கத்தில் படகு கழுவவும் மீன் அறுக்கவும் சேர்ந்தாள். என்னை 'டைப்பம்மா' என்று கூப்பிடுவாள்.

சங்கத்தின் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர். நல்ல மனிதர், ஆனால் எடுத்த முடிவை மாற்றமாட்டார். அக்கா அவரைத் 'தொரை' என்பாள். "தொரைன்னு கூப்பிடாதம்மா, அந்தக் காலமெல்லாம் போச்சு" என்று அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். "சரிங்க தொரை" என்பாள்.

அவளுடைய 'விடுமா'வால் ஒரு தடவை வேலையே போகப் பார்த்தது. வக்கீல் உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தூண்டில் நரம்பை வீசும்போது, கொக்கி அவர் கோட்டுக் காலரிலேயே மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க இழுக்க நரம்பு கழுத்தைச் சுற்றி இறுகியது. அக்கா ஓடிப்போய் மீன் அறுக்கும் கத்தியால் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டாள். வக்கீலுக்கு மூச்சு வந்ததைவிட நரம்பு போனதுதான் பெரிதாகப் பட்டது. செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்தார்.

"இத பாரம்மா," என்றார் செயலாளர். "சங்கத்துச் சாமான்லயோ மெம்பருங்க சாமான்லயோ இன்னொருக்கா இப்பிடிக் கை வச்சீன்னா, என்னால உன்னய வச்சுக்க முடியாது."

அவள் தலையாட்டினாள். வேலை போனால் சாய்ப்பும் போகும். பெட்டியும் பிள்ளைகளுமாக அடுத்த மழையை எங்கே கழிப்பது என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் இறக்கி மெஷின் வந்தது.

வெயில் காலத்தில் எங்கள் ஏரியின் டிரவுட் மீன்கள் குளிர்ச்சி தேடி அடியாழத்துக்குப் போய்விடும். சாதாரணத் தூண்டில் அங்கே எட்டாது. செயலாளர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அதற்கு வழி கண்டுபிடித்தார். படகின் பக்கவாட்டில் ஓர் உருளை. அதில் சுற்றிய எஃகுக் கம்பியின் நுனியில் கனமான இரும்புக் குண்டு. குண்டுக்கு மேலே ஒரு சின்னக் கிளிப்பில் தூண்டில் நரம்பைச் செருகிவிட்டால், குண்டு நரம்பையும் கூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும். மீன் கடித்து இழுத்தால் நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுகொள்ளும். பிறகு ஆள் மீனை இழுக்கலாம், குண்டை மோட்டார் மேலே தூக்கிவிடும். டவுன்ரிக்கர் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. எங்களுக்கு அது இறக்கி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லை. கோயம்புத்தூரில் இரண்டு பட்டறைகளில் படத்தைக் காட்டி ஆளுக்கொன்று செய்து தரச்சொன்னார் செயலாளர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதேபோல இன்னும் சிலவற்றை வாங்குவதாகத் திட்டம். இரண்டும் ஒரே நாளில் லாரியில் வந்து இறங்கின. இரண்டும் கார் பேட்டரியில் ஓடுபவை.

ஒன்றுக்கு நீலப் பெயிண்ட். பார்க்கவே லட்சணமாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் குண்டு விறுவிறுவென்று மேலே வந்தது. விரலை எடுத்தால் அங்கேயே நின்றது, ஒரு நூல்கூட நழுவவில்லை. இன்னொன்று பெயிண்டே அடிக்காதது, மெதுவாக ஓடியது, உறுமியது. உருளைக்கு நடுவே தோல் வளையங்கள் வைத்து, ஒரு திருகால் இறுக்கவும் தளர்த்தவும் செய்திருந்தார்கள். கையால் சுற்ற ஒரு கைப்பிடியும் இருந்தது.

"இதென்னம்மா, கெணத்து ராட்டினமாட்ட?" என்று செயலாளர் அந்தக் கைப்பிடியைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா முதலில் எடுத்தது கிளிப்பை. நரம்பைச் செருகி மெல்ல இழுத்தாள். டிக் என்று விட்டது. மறுபடி செருகினாள், மறுபடி விட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "யாரோ புத்திக்காரன் செஞ்சிருக்கான், டைப்பம்மா" என்றாள்.

பிறகு கம்பியைப் படகுத்துறை மரத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, படகோட்டி போஜண்ணனிடம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். போஜண்ணன் பிக்கட்டிப் பக்கத்துக்காரர், படகர் இனத்தவர். அவள் சொன்னால் ஏன் என்று கேட்காமல் செய்வார். பெயிண்ட் அடிக்காத மெஷின் கொஞ்சம் இழுத்தது, பிறகு தோல் தேயும் வாசனையோடு உருளை வழுக்கிச் சுற்றியது. தூண் அசையவில்லை. நீல மெஷினில் அழுத்தியபோது, அதை இறுக்கி வைத்திருந்த மேசை தரையைக் கீறிக்கொண்டே போய்த் தூணின் மேல் மோதிக் கவிழ்ந்தது.

"தொரை, இது விடாதுங்க" என்றாள் அக்கா.

"விடக்கூடாதுன்னுதானம்மா இதைச் செய்யச் சொன்னது!"

"கீழ பூரா முங்கிப்போன மரங்க. அடிமரத்துல குண்டு மாட்டுச்சுன்னா?"

"மாட்டுனா எதிர்ப் பொத்தானை அமுக்குனாப் போச்சு. நீ மீனை மட்டும் பாரு."

ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் முன்னால் வெள்ளோட்டம் என்று முடிவானது. நீலத்தை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் பூட்டச் சொன்னார் செயலாளர். ஆனால் அவர் மனதில் நீலம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். நீலத்தையே வாங்கலாம் என்று உறுப்பினர்களுக்கு எழுதும் கடிதத்தை நான் சனிக்கிழமையே பாதி டைப் செய்து வைத்திருந்தேன்.

ஞாயிறன்று படகில் நாங்கள் நான்கு பேர். போஜண்ணன் பின்னால் எஞ்சினில். செயலாளர் வலப்பக்கம், நீல மெஷினுக்கு அருகில். கிளிப்பில் நரம்பைச் செருக அக்கா. எத்தனை அடி இறங்கியது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு நான். கரையில் குடைகளும் தொப்பிகளுமாக உறுப்பினர்கள் நின்றிருந்தார்கள்.

முதல் இரண்டு சுற்றும் நன்றாகவே போயின. நீல மெஷின் சொன்னபடி கேட்டது. மூன்றாவது சுற்றில் காற்று எழும்பியது. "இதுக்கு அந்தாண்ட பழைய காடுங்க. குண்டைத் தூக்கிருங்க" என்றார் போஜண்ணன். செயலாளர் பொத்தானில் விரல் வைப்பதற்குள் கம்பி விண்ணென்று இறுகியது. படகு ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

அவர் மேலேற்றும் பொத்தானை அழுத்தினார். குண்டு வரவில்லை, படகுதான் கீழே போனது. வலப்பக்க விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தது. எதிர்ப் பொத்தானை அழுத்த அவர் கையை நீட்டினார். அதற்குள் பேட்டரி சரிந்து உருண்டு, வயர் பிடுங்கிக்கொண்டது. மெஷின் செத்துப்போனது. செத்த பிறகும் பிடியை அது விடவில்லை. உருளை முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

போஜண்ணன் எஞ்சினை நிறுத்தினார். ஆனால் காற்றை யார் நிறுத்துவது? அலை ஒவ்வொன்றும் படகை இடப்பக்கத்திலிருந்து தூக்க, கம்பி வலப்பக்கத்தைக் கீழே இழுத்தது. தண்ணீர் உள்ளே வந்தது. என் நோட்டுப் புத்தகம் மிதந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. செயலாளருக்கும் தெரியாது என்பது, அவர் இரண்டு கையாலும் மெஷினை அறைந்துகொண்டு "விடு, விடு" என்று அதனிடமே கத்தியபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் "மாதாவே" என்று முணுமுணுத்தபடி இடப்பக்கப் பலகையைக் கட்டிக்கொண்டேன்.

"தள்ளிக்கோங்க தொரை."

அக்கா தண்ணீரில் முழங்காலால் ஊர்ந்து வந்தாள். மெஷினை நிறுத்தியிருந்த பலகைக்கு அடியில் கையை விட்டு ஒரு கயிற்று வளையத்தைப் பிடித்து இழுத்தாள். சாணளவு இரும்பு ஊசி ஒன்று கழன்று அவள் கையோடு வந்தது. அவ்வளவுதான். பலகையும் மெஷினும் ஒன்றாக வழுக்கி விளிம்பைத் தாண்டிப் போய்விட்டன. தண்ணீருக்குள் ஒரு நீல நிறம் கொஞ்ச தூரம் தெரிந்து பிறகு மறைந்தது.

படகு இடப்பக்கமாக ஒரு தடவை ஆடி, நேராக நின்றது.

கணுக்கால் தண்ணீரில் நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்காதான் முதலில் டப்பாவை எடுத்துத் தண்ணீரை வாரி ஊற்ற ஆரம்பித்தாள்.

பாதி வழி வந்த பிறகு செயலாளர் கேட்டார். "போல்ட்டுப் போட்டுல்ல பூட்டச் சொன்னேன். ஊசி வச்சது யாரு?"

போஜண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "நாந்தாங்க. போஜண்ணனை நேத்து நாந்தான் செய்ய வச்சேன். அவரு மேல குத்தமில்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா போல்ட்டுப் போடச் சொல்லியிருப்பீங்க."

அவர் ஏரியைப் பார்த்தார். நனைந்த கால்சட்டையைப் பிழிந்தார். "ஆமா," என்றார் கடைசியில். "அப்பிடித்தான் சொல்லியிருப்பேன்."

கரையில் வக்கீல் காத்திருந்தார். சங்கச் சாமானை ஏரியில் தள்ளியவளை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றார். செயலாளர் அவரை முழுதாகப் பேசவிட்டார். பிறகு, "நீங்க வேணா நாளைக்குப் படகுல போங்க. கூட அந்தம்மா இல்லாம போங்க. போயிட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு அலுவலகத்துக்குள் வந்தார். பாதி அடித்து வைத்திருந்த கடிதத்தை என்னிடம் வாங்கிக் கிழித்தார். புதுக் கடிதத்தில், பெயிண்ட் அடிக்காத மெஷினையே வாங்கலாம் என்றும், நீல மெஷினைத் தானே தவறாக விரும்பியதாகவும், அதைக் கழற்றிவிட்டு நான்கு உயிரைக் காப்பாற்றியவர் இன்னார் என்றும் எழுதச் சொன்னார். நீல மெஷின் செய்தவரிடம் நடந்ததைச் சொல்லிவர மறுநாள் அவரே கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறினார். அக்காவின் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் சாய்ப்பில் அவள் எனக்கு இஞ்சி தட்டிப்போட்டு, பால் விடாத சாயத் தேநீர் கொடுத்தாள். "எப்படிக்கா முன்னாடியே தெரிஞ்சது?" என்றேன்.

"தெரியாது டைப்பம்மா. பயம்." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, அதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

இலங்கையில் அவள் இருந்த தோட்டத்தில், மலையுச்சியிலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் கொக்கி மாட்டிக் கீழே அனுப்புவார்கள். மேலே சாக்கு மாட்டிவிடுவது அவளும் அவள் தங்கச்சியும். ஒரு நாள் கொக்கி தங்கச்சியின் கம்பளிச் சட்டைக் கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, சாக்கோடு அவளையும் இழுத்தது. இவள் தங்கச்சியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கம்பி ஒரு பக்கம் இழுக்க இவள் ஒரு பக்கம் இழுக்க, தங்கச்சியின் கை முழங்கையில் முறிந்தது. அது நேராகவே சேரவில்லை.

"கீழ புல்லு மேடு. நான் கைய விட்டிருந்தா அவ புல்லுல விழுந்து எந்திரிச்சுப் போயிருப்பா. நான்தான் விடாம புடிச்சேன். அவ கைய ஒடிச்சது கம்பி இல்ல, நாந்தான்."

தங்கச்சி இன்னும் அங்கேதான் இருந்தாள். அவள் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. சின்ன மகளின் விரல்களை அக்கா பிரித்து எடுத்தது அப்போது என் நினைவுக்கு வந்தது. அவள்மேல் கோபப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.

அடுத்த வருஷம் மழை விட்ட பிறகு தங்கச்சி வந்து சேர்ந்தாள். எமரால்டு பேருந்து நிறுத்தத்துக்கு நானும் போயிருந்தேன். பெரிய குரல், பெரிய சிரிப்பு. வளைந்த கையால் டிரங்குப் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கி, நல்ல கையால் எங்கள் எல்லோரையும் தட்டிக்கொடுத்தாள். அவள் புருஷன் வாயே திறக்கவில்லை, திறக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

சாய்ப்பில் எல்லோரும் சோறு தின்றுகொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ பழைய தோட்டத்துக்குப் போயிற்று. பெரிய மகள், "சின்னம்மா, ஒங்க கை எப்பிடி ஒடிஞ்சது?" என்று கேட்டுவிட்டாள். அக்கா சட்டென்று எழுந்து குழம்புச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதா? கம்பி என்னய இழுத்துக்கிட்டுப் போச்சு. ஒங்கம்மா மட்டும் இடுப்பைப் புடிக்கலேன்னா, சின்னம்மா அன்னைக்கே பள்ளத்துல!" என்றாள் தங்கச்சி, வாய் நிறையச் சோற்றோடு.

அக்கா திரும்பினாள். "எந்தப் பள்ளம்?"

"நம்ம நின்ன மேடைக்குக் கீழ. பாறைப் பள்ளம்."

"கீழ புல்லு மேடுல்ல?"

"புல்லு மேடு அந்தப் பக்கம் கெடந்தது, ஸ்டோருக்குப் போற வழியில. ஒனக்கு என்னா ஆச்சு? கங்காணி வந்து எட்டிப் பாத்துட்டு, அக்காக்காரி புடிச்சதால பொழைச்சான்னு காலையில பெரட்டுல ஆளு எண்ணும்போது எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரே! நீ அன்னைக்கு வரல, அழுதுக்கிட்டுக் கெடந்த." தங்கச்சி தரையில் கரண்டிக்காம்பால் மேடையையும் கம்பியையும் பள்ளத்தையும் கோடு போட்டுக் காட்டினாள். அவள் புருஷன் முதல் முறையாக வாய் திறந்து, "பள்ளந்தான். நானும் பாத்திருக்கேன்" என்றான்.

அக்கா அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். பள்ளத்துக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலியேடி."

"நீ ஒரு வார்த்த கேட்டியா? கையப் பத்திப் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவ."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு தங்கச்சியின் வளைந்த முழங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குதாடி?"

"குளிருக்கு மட்டும் வலிக்கும். ஏன்க்கா, இந்த ஊருல குளிர் எப்ப விடும்?"

"இங்கயா? விடவே விடாது" என்றாள் அக்கா. அதைக் கேட்டு முதலில் சிரித்தது சின்ன மகள்.